மெசினின் மூன்றாவது பதில்

எருக்கலம்பிட்டி,
செப்டெம்பர் 10

அன்புள்ள லக்சிகா,

நீ விடுதிக்குப் போன பிறகு மன்னார் பஸ் நிலையத்தில் உன் அண்ணாவைக் காணும்போதெல்லாம் உன்னைப் பற்றி விசாரிக்கிறேன். "ஓம், இருக்கிறாள், சாப்பிடுறாள்" என்பதற்கு மேல் நிரூபன் அண்ணா எதுவும் சொல்வதில்லை. உங்கள் விடுதிப் பொறுப்பாளர் றெபேக்கா மிஸ் எல்லாருடைய போனையும் வாங்கி அலுமாரியில் பூட்டிவிடுவார் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். அதனால் பேனையை எடுத்திருக்கிறேன். வவுனியா பஸ்ஸில் கொண்டக்டராக ஓர் அண்ணா இருப்பது தபால் கந்தோரை விட நல்லதுதான்.

நானும் உன்னோடு வந்து படிக்கும் விடுதிக் கதையை உம்மாவிடம் எடுத்தேன். எங்கள் பாடசாலையில் தொழில்நுட்பப் பிரிவு இல்லை, உங்களுடையதில் இருக்கிறது, தை மாதம் வரை மாறிக்கொள்ளலாம் என்று அதிபரே சொன்னார் என்றெல்லாம் சொன்னேன். உம்மா சூடை மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "ரெண்டு வருஷமா அந்த மெசினோட குந்திக்கொண்டிருக்கிறாய். மாரிக்கு முந்தி அது எனக்கு ஒரு பிரயோசனம் காட்டட்டும். பிறகு ஹொஸ்டல் கதைய எடு" என்றார். உம்மா சொன்னதற்கு மேல் வாப்பா பேசமாட்டார், உனக்குத் தெரியும்.

ஆகவே எல்லாம், கருவாட்டு மீனை இன்று வெயிலில் விரிக்கலாமா என்று சொல்லும் நம் "விரிப்பு" புரோகிராமில் தொங்குகிறது. அதில் ஒரு குறையும் இல்லை, ஒன்றைத் தவிர. முற்றத்துக் கம்பத்தில் கட்டிய பெட்டி காற்றையும் ஈரப்பதனையும் அளந்து அனுப்புகிறது. நாம் விடுமுறையெல்லாம் இருந்து தட்டச்சு செய்த பழைய நாட்களின் அளவுகளோடு புரோகிராம் அதை ஒப்பிடுகிறது. பிறகு பதில் சொல்கிறது: விரிக்கலாம், அல்லது விரிக்க வேண்டாம், அல்லது நீ பிடிவாதமாகச் சேர்த்த மூன்றாவது பதில், "தெரியாது, வெளியே போய்ப் பாருங்கோ". (அதற்கு நான் அன்று எவ்வளவு சிரித்தேன். தெரியாது என்று சொல்ல ஒரு மெசின் எதற்கு என்று கேட்டேன்.)

குறை என்னவென்றால் நேரம். விடியமுன் சுபஹ் தொழுகை முடிந்து உம்மா முற்றத்துக்கு வரும்போது நான் அதை ஓடவிடுகிறேன். வெயில் ஏறி, பக்கத்து வீட்டு நிஸ்லா மாமி தன் மீனையெல்லாம் விரித்து முடித்த பிறகுதான் பதில் வருகிறது. "இதச் சொல்ல மெசின் வேணுமா, நானே சொல்லுவனே" என்கிறார் உம்மா. மச்சான் கட்டாரிலிருந்து கொண்டுவந்து, தனக்கே வேண்டாம் என்று தந்த லப்டொப் இது. லினக்ஸ் போட்ட பிறகுதான் அதற்கு மூச்சே வந்தது. இதை வேகமாக்க வழி உண்டா? கணக்குப் பகுதியை எழுதியவள் நீ.

உன் பதிலைப் பஸ்ஸின் ஹோர்ன் சத்தத்தில் எதிர்பார்க்கும்,
றுஷ்தா


வவுனியா,
செப்டெம்பர் 17

அன்பின் றுஷ்தா,

உன் கடிதத்தோடு வந்த கருவாட்டுப் பார்சலை றெபேக்கா மிஸ் இரண்டு விரலால் தூக்கிக்கொண்டுபோய் வெளியே தேசிக்காய் மரத்தில் கட்டிவிட்டார். இரவு பூனைகள் வந்தன. மற்றதை நான் சொல்லத் தேவையில்லை.

இங்கே எனக்குப் பக்கத்துக் கட்டில் காலியாக இருக்கிறது. அதில் என் புத்தகங்களை அடுக்கியிருக்கிறேன். யாராவது வந்தால் எடுத்துவிடுவேன்.

நம் தவறைக் கண்டுபிடித்தேன். நாம் எழுதுவதை மெசினுக்கு விளங்கும்படி மாற்றித் தருவது கம்பைலர். நாம் அதனிடம் ஒன்றுமே கேட்காமல் மாற்றச் சொன்னோம். கேட்காவிட்டால் அது எழுதியதை எழுதியபடி, ஒரு சுருக்கமும் செய்யாமல் மாற்றும். -O2 என்று ஒரு சொல் சேர்த்தால், எங்கே வேலையை மிச்சம் பிடிக்கலாம் என்று தானே தேடிப்பார்க்கும். அதற்கு மேலும் படிகள் இருக்கின்றன. இங்குள்ள ஆய்வுகூடத்துக் கொம்பியூட்டர்கள் புதியவை. அங்கே -march=native என்பதையும் சேர்த்துக் கம்பைல் செய்து பார்த்தேன். ஓடவிட்டேன், பதில் வந்துவிட்டது. நான் கதிரையில் சரியாக இருக்கவும் இல்லை.

ஆயத்தமாக்கிய புரோகிராமை பென்டிரைவில் அனுப்புகிறேன். நீ ஒன்றும் செய்யத் தேவையில்லை. உம்மாவைக் கூப்பிட்டு வைத்து ஓடவிடு.

லக்சிகா


எருக்கலம்பிட்டி,
செப்டெம்பர் 23

லக்சிகாவுக்கு,

நீ சொன்னபடியே உம்மாவைக் கூப்பிட்டு வைத்தேன். உம்மாவை மட்டுமா? நிஸ்லா மாமியும் அவருடைய இரண்டு மருமகள்மாரும் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். நான் விசையை அழுத்தினேன். திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்தது. புரோகிராம் அந்த இடத்திலேயே செத்துவிட்டது.

"என்ன சொல்லுது புள்ள?" என்று மாமி கேட்டார்.

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "சட்டவிரோதமான கட்டளை எண்டு சொல்லுது மாமி" என்றேன்.

"அல்லாஹ்வே. அப்ப நேவிக்காரன் வருவானா?"

மருமகள்மார் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. உம்மா சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். போய் மீனை விரித்தார்.

லக்சிகா, உன் புதிய ஆய்வுகூடத்துப் புதிய கொம்பியூட்டர் என்னென்ன செய்யும் என்று எனக்குக் காட்டத்தான் அனுப்பினாயா? "நீ ஒன்றும் செய்யத் தேவையில்லை" என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் பலமுறை வாசித்தேன். நாம் இருவரும் ஒரே கதிரையில் பாதிப் பாதியாக இருந்து எழுதிய புரோகிராம் அது. எனக்கு இனி ஆயத்தமானது எதுவும் அனுப்பாதே. நானே பார்த்துக்கொள்கிறேன்.

பென்டிரைவைத் திருப்பி அனுப்புகிறேன். கருவாடு அனுப்பவில்லை, பூனைகளிடம் சொல்லு.

றுஷ்தா


வவுனியா,
செப்டெம்பர் 29

அன்பின் றுஷ்தா,

காட்டத்தான் அனுப்பினேனா என்று நீ கேட்டதற்கு இல்லை என்று உடனே எழுதத் தொடங்கினேன். பிறகு நிறுத்தினேன். கொஞ்சம் அப்படியும் இருந்திருக்கலாம். இங்கே எனக்கு வேகமாக வருவது அந்த ஒன்றுதான். மற்ற எல்லாவற்றிலும் நான் பின்னுக்கு நிற்கிறேன். வவுனியாப் பிள்ளைகள் நான் கதைப்பதைக் கேட்டு, நம் ஊர்ப்பக்கத்தைச் சொல்லி "அடம்பனா?" என்று கேட்கிறார்கள்.

ஏன் செத்தது என்று இப்போது தெரியும். native என்றால், கம்பைலர் தான் இருக்கிற மெசினைச் சுற்றிப்பார்த்து, அதில் உள்ள வசதிகள் எல்லாவற்றையும் நம்பி எழுதும். இங்குள்ள மெசினுக்குத் தெரிந்த சில கட்டளைகள் உன் லப்டொப்புக்குத் தெரியாது. அதைத்தான் அது சட்டவிரோதம் என்றது. அதே சொல்லை உன் லப்டொப்பிலேயே வைத்துக் கம்பைல் செய்தால் அது உன் லப்டொப்புக்கு அளவாக எழுதும். நான் இங்கே அளவெடுத்து அங்கே சட்டை அனுப்பிவிட்டேன்.

-O2 போதும் என்று நினைக்கிறேன். அதற்கு மேலுள்ளவற்றைப் பற்றி நான் இன்னும் வாசிக்கவில்லை, ஆகவே அவை நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. தொடுவதற்கு முன் ஒரு வரி எழுது. இருவரும் சேர்ந்து பார்ப்போம்.

கட்டிலில் இருந்த புத்தகங்களை இன்னும் எடுக்கவில்லை.

லக்சிகா


எருக்கலம்பிட்டி,
ஒக்டோபர் 9

லக்சிகா,

உன் கடிதம் வந்தது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் பாதி, வேலை பாதி. இப்போது கோபம் பெரும்பாலும் போய்விட்டது, ஏனென்றால் நான் வென்றுவிட்டேன்.

ஒவ்வொரு படியையும் இந்த லப்டொப்பிலேயே கம்பைல் செய்து பார்த்தேன். நீ சொன்ன -O2, பழையதை விட எவ்வளவோ மேல், ஆனாலும் வெயில் பனை உச்சியில் படும்போதுதான் பதில் வந்தது. -O3 இன்னும் வேகமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, ஒரு துளி மெதுவானது. அது புரோகிராமைப் பெருப்பித்துவிடுகிறது. இந்த லப்டொப்பின் வேகமான நினைவகமோ சின்னது, பெருத்ததை அதற்குள் அடக்க முடியவில்லை. -Os சின்னதாக எழுதும். அது -O2 போலவே ஓடியது. எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கச் சொன்ன நாள், கம்பைலரே நினைவகம் முழுவதையும் தின்றுவிட்டது. திரையில் அம்புக்குறி அசையாமல் நின்றது. பட்டனைப் பிடித்து அணைக்க வேண்டியதாயிற்று.

கடைசியாக -Ofast. பெயரிலேயே வேகம் இருக்கிறது, அதனால் கடைசிக்கு வைத்திருந்தேன். உம்மா தொழுகைப் பாயை மடிக்க முன் பதில் வந்துவிட்டது.

அதுமட்டுமல்ல. முன்பெல்லாம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை "தெரியாது" என்று முனகும். உப்புக் காற்றில் பெட்டியின் வயர் துருப்பிடித்து அளவு வராமல் போகும் நாட்களில் அப்படித்தான். இப்போது ஒரு வாரமாக ஒருமுறைகூடத் தெரியாது என்று சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் தெளிவான பதில். உம்மா அதன் சொல்லைக் கேட்டு விரிக்கிறார். நிஸ்லா மாமி வேலிக்கு மேலால் எட்டி, "உங்கட மெசின் இண்டைக்கு என்ன சொல்லுது?" என்று கேட்கிறார், நேவிக் கதையை மறந்துவிட்டார்.

நேற்றுச் சாப்பிடும்போது உம்மா, "அந்த ஹொஸ்டல்ல பெட்டிக்குப் பூட்டு அவங்க தருவாங்களா, நாங்க கொண்டுபோகணுமா?" என்று கேட்டார். விசாரித்து எழுது.

உன் -O2 போதாது. என் தெரிவுதான் சரி. ஆனால் உன் புத்தகங்களை அந்தக் கட்டிலிலிருந்து எடு.

றுஷ்தா


வவுனியா,
ஒக்டோபர் 12

றுஷ்தா,

அவசரம். வயரைக் கழற்று. பெட்டியிலிருந்து வருகிற வயரைக் கையால் கழற்றிவிட்டு புரோகிராமை ஓடவிட்டுப் பார். "தெரியாது" என்று சொல்கிறதா?

உன் கடிதத்தை வாசித்ததும் நூலகத்தில் கம்பைலர் கையேட்டை எடுத்தேன். -Ofast வேகத்துக்காகச் சில வாக்குறுதிகளை நம் பேரில் தானே கொடுத்துவிடுகிறது. அதில் ஒன்று: இந்தப் புரோகிராமில் எந்த எண்ணும் ஒருபோதும் இல்லாமல் போகாது என்பது. அப்படி நாம் வாக்குக் கொடுத்ததாக எடுத்துக்கொண்டு, "எண் வந்ததா, வரவில்லையா" என்று பார்க்கிற வரியை வீண் வேலை என்று கம்பைலர் நீக்கிவிடும். நான் எழுதிய மூன்றாவது பதில் அந்த வரியில்தான் இருக்கிறது.

ஒரு வாரமாகத் தெரியாது என்று சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். அது வயர் திருந்தியதால் இல்லை என்று பயப்படுகிறேன். பார்க்கும் வரை உம்மாவை அதை நம்ப விடாதே.

அண்ணாவிடம் ஓடிப்போய்க் கொடுக்கச் சொல்கிறேன்.

லக்சிகா


எருக்கலம்பிட்டி,
ஒக்டோபர் 13

அன்புள்ள லக்சிகா,

நிரூபன் அண்ணா உன் கடிதத்தை எங்கள் வாசல் வரை கொண்டுவந்து தந்தார். பஸ்ஸை யாரிடம் விட்டுவிட்டு வந்தார் என்று தெரியவில்லை. ஆனால் அவர் வந்தது மாலையில். மழை வந்தது காலையில்.

விடியமுன் ஒரு கழுதை முற்றத்துக் கம்பத்தில் முதுகு தேய்த்திருக்கிறது. மணலில் குளம்படி இருந்தது. வயர் கழன்று தொங்கியது, நான் பார்க்கவில்லை. -Ofast போட முன்பென்றால் புரோகிராமே எனக்குச் சொல்லியிருக்கும். இன்று "விரிக்கலாம்" என்று சொன்னது. அதுவும் வழமையை விட வேகமாக.

உம்மா எல்லாவற்றையும் விரித்தார். மூன்று நாள் உப்பில் கிடந்த சூடை, பாரை, எல்லாம். நிஸ்லா மாமியும் எங்களைப் பார்த்து விரித்தார். பிறகு இருவரும் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போய்விட்டார்கள். நான் பாடசாலையில் இருந்தேன். வகுப்பறைக் கூரையில் முதல் துளி விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் எழும்பவே இல்லை லக்சிகா, ஏனென்றால் மெசின் விரிக்கலாம் என்று சொல்லியிருந்தது. மழை தூரத்தில் எங்கேயோ பெய்கிறது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது உம்மா மணலில் குந்தியிருந்து ஊறிப்போன மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குந்தினேன். "நீ போய்ப் படி" என்றார். ஏசவில்லை. பிறகு உள்ளே போய் லப்டொப்பை மூடி, ஒரு பழைய சீலையில் சுற்றி, அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டார். அலுமாரிக் கதவு மூடும்போது, "ஹொஸ்டல் கதைய இனி எடுக்காத" என்றார். அவ்வளவுதான்.

உன் கடிதத்தை வாசித்த பிறகு எல்லாம் விளங்கியது. நான் வெற்றி என்று நினைத்த வாரம் முழுவதும் அதன் வாயை அடைத்து வைத்திருந்தேன். தெரியாது என்று அது சொல்லாததை, எல்லாம் தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. அளவு வராவிட்டால் அது உளறியிருக்க வேண்டும். ஏன் அவ்வளவு தெளிவாக "விரிக்கலாம்" என்றது?

புத்தகங்களைக் கட்டிலிலேயே வைத்துக்கொள்.

றுஷ்தா


வவுனியா,
ஒக்டோபர் 20

அன்பின் றுஷ்தா,

உன் கேள்விக்குப் பதில் தேட ஒரு வாரம் எடுத்தது. தேடியது மெசினில் அல்ல, என் கொப்பியில்.

புரோகிராம் பழைய நாட்களை ஒவ்வொன்றாக எடுத்து, இன்றைய நாளுக்கு எது கிட்ட வருகிறது என்று பார்க்கும். தொடங்கும்போது கையில் ஏதாவது ஒரு நாள் இருக்க வேண்டும் என்று முதல் நாளை எடுத்து வைத்தது நான். கிட்ட வருகிற நாள் கிடைத்தால் அதை மாற்றிக்கொள்ளும். எண் இல்லாவிட்டால் எந்த நாளும் கிட்ட வராது. ஆகவே கையிலுள்ள முதல் நாள் அப்படியே பதிலாகிவிட்டது. அந்த முதல் நாள் எது தெரியுமா? நீ தட்டச்சு செய்த ஆடி மாதத்து நாள். நல்ல வெயில். அன்று உன் உம்மா நமக்குத் தேசிக்காய்த் தண்ணி கரைத்துத் தந்தார்.

பாதிப் பிழை என்னுடையது. உன் வேகம் வாயை அடைத்தது, என் வரி பொய்யைக் கொடுத்தது. இதை உம்மாவிடம் சொல். நீ மட்டும் பிழை செய்ததாக அவர் நினைக்க வேண்டாம்.

நீ கேட்காவிட்டாலும் இன்னொன்று. இங்கே புத்தளத்திலிருந்து வந்த நசீறா என்று ஒருவர் பெரிய வகுப்பில் படிக்கிறார். தொழுவதற்குப் பின்பக்கத்து அறையைத் திறந்து தருவார்களாம், நோன்புக் காலத்தில் விடியமுன் சஹர் சாப்பாட்டுக்குச் சமையல்கார அக்கா எழும்புவாராம். பெட்டிக்குப் பூட்டு நாங்கள்தான் கொண்டுவர வேண்டும். இவற்றை ஒரு காரணத்துக்காகவும் எழுதவில்லை. விசாரிக்கச் சொன்னாய், விசாரித்தேன்.

லக்சிகா


எருக்கலம்பிட்டி,
நவம்பர் 5

அன்புள்ள லக்சிகா,

இது நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்.

லப்டொப் அலுமாரிக்குள் இருந்த நாட்களில்தான் நான் புரோகிராமைப் பற்றி முதன்முறையாக ஒழுங்காக யோசித்தேன். கொப்பியில் எழுதி எழுதிப் பார்த்தேன். வாடைக் காற்று அடிக்கிற இந்த நாளுக்குத் தென்மேற்குச் சோளகக் காற்றுக் காலத்து நாட்களையெல்லாம் அது ஏன் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருக்கிறது? அதே பருவத்து நாட்களை மட்டும் பார்த்தால் வேலை எவ்வளவோ குறையும். நாம் கம்பைலரிடம் வேகம் கேட்டுக்கொண்டிருந்தோம், அது தன்னால் ஆனதைச் செய்தது. நாம் கொடுத்த வேலையே தேவையில்லாத வேலை என்று அதற்கு எப்படித் தெரியும்?

உன் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், தேசிக்காய்த் தண்ணி வரை. உம்மா கடைசி வரை கேட்டுவிட்டு, "அப்ப அது பொய் சொல்லலயா?" என்றார்.

"இல்ல உம்மா. அதுக்குத் தெரியல. தெரியாதெண்டு சொல்ல நான் விடல."

"ஏன் விடல?"

"கெதியா வேணுமெண்டுதான்."

உம்மா உடனே நிஸ்லா மாமியிடம் போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். போனேன். மாமி, "மழை உன்ட மெசினக் கேட்டா பெய்யுது? வா, தேத்தண்ணி குடி" என்றார். அதற்கு அடுத்த நாள் அலுமாரித் திறப்பு மேசையில், என் கணிதப் புத்தகத்தின் மேல் கிடந்தது.

-O2. இந்த லப்டொப்பிலேயே அளவெடுத்த native. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. உன் முதல் நாள் வரியையும் திருத்தினேன். தொடங்கும்போது இப்போது கையில் எதுவும் இருக்காது. பருவத்து நாட்களை மட்டும் பார்க்கச் செய்தேன். உம்மா பாயை மடித்துவிட்டு, முகம் கழுவி, அடுப்பை மூட்டும்போது பதில் வருகிறது. -Ofast-ஐ விட மெதுவுதான். ஆனால் வெயிலுக்கு முந்தி வருகிறது.

நேற்றுக் காலை ஓடவிட்டபோது உம்மா வந்து பின்னால் நின்றார். நிஸ்லா மாமி வேலிக்கு அந்தப் பக்கம், வெற்றிலையோடு. பதில் வருவதற்கு முன் உம்மா, "கொஞ்சம் நில்லு" என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போனார். கம்பத்திலிருந்த வயரைத் தானே கழற்றினார். கழுதை செய்ததை அப்படியே செய்தார். "இப்ப கேள்" என்றார்.

விசையை அழுத்தினேன். அடுப்பில் கேத்தில் கொதிக்கத் தொடங்கியது. பிறகு திரையில் வந்தது:

தெரியாது, வெளியே போய்ப் பாருங்கோ.

நான் வாசித்தேன். மாமி வேலிக்கு அப்பாலிருந்து, "என்னது, எங்களப் போய்ப் பாக்கச் சொல்லுதா? மரியாதையாத்தான் சொல்லுது" என்றார். உம்மா சிரித்தார். மழைக்குப் பிறகு அவர் சிரித்ததை நான் இப்போதுதான் பார்த்தேன். நாங்கள் எல்லாரும் வெளியே போய் அண்ணாந்து பார்த்தோம். பெருநிலப் பக்கம், உங்கள் அடம்பன் பக்கமாக மேகம் கருக்கட்டியிருந்தது. யாரும் விரிக்கவில்லை. பிறகு பொழுதுபடும் வரை ஒரு துளியும் பெய்யவில்லை லக்சிகா, நல்ல வெயில். ஒரு நாள் வெயில் வீணானது. அதற்கு உம்மா மீனுக்கு இன்னொரு பிடி உப்புப் போட்டதோடு சரி.

மாலையில் மீன் வெட்டும்போது பக்கத்தில் குந்தினேன். கதையை எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார், ஆனாலும் எடுத்தேன். "உம்மா, ஹொஸ்டல்?"

உம்மா கத்தியைத் தண்ணீரில் அலசினார். நான் ஏச்சுக்கு ஆயத்தமாக இருந்தேன்.

"தெரியாது" என்றார்.

இன்னொரு மீனை எடுத்துச் செதிலைச் சுரண்டினார். "இங்க இருந்துகொண்டு நான் என்னெண்டு சொல்லுற? போய்ப் பாத்தாத்தான் தெரியும். அந்தப் புள்ளயிட அண்ணன்ட பஸ் காலையில எத்தினை மணிக்குப் போகும்?"

சனிக்கிழமை வருகிறோம், உம்மாவும் நானும். அவர் பின்பக்கத்து அறையைப் பார்ப்பார், சமையல்கார அக்காவோடு கதைப்பார், நசீறாவிடம் ஆயிரம் கேள்வி கேட்பார். அதன் பிறகு என்ன சொல்வார் என்று எனக்கும் தெரியாது. நீ வாசலில் நில்.

உம்மாவின் கையில் பெரிய கருவாட்டுப் பார்சல் ஒன்று இருக்கும். வெறுங்கையோடு ஒரு இடத்துக்குப் போகமாட்டாராம். றெபேக்கா மிஸ்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவை, அன்றைக்கு மட்டும் தேசிக்காய் மரத்தில் கட்ட வேண்டாம் என்று.

றுஷ்தா